பொம்மை ரெயில் நின்று விட்டதா?

தூக்கி எறியாதீர்கள், துடைத்துப் பாருங்கள்!

மேற்கு மாம்பலத்துக் குழந்தைகளுக்கு ரெயில் புதிது அல்ல. தாலாட்டோடு ரெயில் சத்தத்தையும் கேட்டு வளர்கிறவர்கள் அவர்கள். கிழக்கே தியாகராய நகர், மேற்கே மேற்கு மாம்பலம், நடுவே தண்டவாளம்.

அங்கே ஒரு வீட்டுக்கு மின்சாரப் பொம்மை ரெயில் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். விலை அதிகம். மகனின் பிறந்த நாளுக்காக அப்பா பல மாதம் பணம் சேர்த்து வாங்கியது.

முதல் மாதம் விர்ரென்று ஓடியது. இரண்டாவது மாதம் தடுமாறியது. விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. விரலால் தள்ளினால் கொஞ்ச தூரம் ஓடியது. மறுபடியும் நின்றது.

பையன் அழுதான். "என்ஜின் கெட்டு விட்டது. பரண் மேல் போடு" என்றார் அப்பா.

என்ஜின் கெட்டு விட்டதா? பெரும்பாலும் இல்லை!

போனால் திரும்ப வேண்டும்

மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வர வேண்டும். வழி எங்காவது அறுந்தால் ஓட்டம் நின்று விடும்.

மாம்பலம் நிலையத்தில் மின்சார ரெயிலைப் பாருங்கள். அதன் கூரை மேல், மடக்கி நிமிர்த்தக் கூடிய ஒரு சட்டம் இருக்கும். அதற்குப் 'பாண்டோகிராப்' என்று பெயர். மேலே செல்லும் கம்பியை உரசி மின்சாரத்தை எடுப்பது அதுதான். மோட்டாரை ஓட்டிய பிறகு, மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்கித் திரும்புகிறது.

பொம்மை ரெயிலுக்கு மேலே கம்பி இல்லை. போவதும் வருவதும் தண்டவாளத்தில்தான். பெரும்பாலான பொம்மை ரெயில்களில் ஒரு தண்டவாளம் வழியாக மின்சாரம் போகிறது. மற்றொன்றின் வழியாகத் திரும்புகிறது. சக்கரங்களின் உள்பக்கத்தை மெல்லிய தகடுகள் தொட்டுக் கொண்டிருக்கும். அவைதான் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கின்றன.

தண்டவாளம், சக்கரம், தகடு, மோட்டார் - இவற்றில் ஓர் இடத்தில் தொடர்பு விட்டாலும் ரெயில் நின்று விடும்.

எதிரி யார்?

அந்தத் தொடர்பை அறுக்கும் எதிரி, தூசியும் எண்ணெயும்தான்.

மோட்டாருக்குப் போட்ட எண்ணெய் சக்கரத்தில் இறங்குகிறது. வீட்டுத் தூசி அதில் ஒட்டுகிறது. சக்கரம் ஓடும்போது சிறு சிறு தீப்பொறிகள் உண்டாகும். அவையும் கரியாகப் படிகின்றன. கறுப்பான அந்தப் படலத்தை மின்சாரம் தாண்டிப் போக முடியாது.

பெரிய ரெயிலுக்குப் பல டன் எடை உண்டு. சாதாரண அழுக்கை அது நசுக்கி விடும். பொம்மை என்ஜினோ சில நூறு கிராம்தான். நசுக்கும் பலம் அதற்கு ஏது?

சோதனை ஒன்று

குற்றம் என்ஜினிலா, பாதையிலா? கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது.

என்ஜினைத் துணி மேல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் கழற்றுங்கள். இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு கம்பி, வலப்பக்கச் சக்கரத்தில் மறு கம்பி. தொட்டதும் மோட்டார் சுழன்றால் என்ஜினில் குற்றம் இல்லை. பாதையைக் கவனியுங்கள்.

சுழலவில்லையா? சக்கரத்தைத் துடைத்து விட்டு மறுபடி பாருங்கள். தகடு சக்கரத்தைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். வளைந்து விலகியிருந்தால் மெதுவாக நிமிர்த்தினால் போதும். சில சக்கரங்களில் வழுக்காமல் இருக்க ரப்பர் வளையம் இருக்கும். அவற்றில் மின்சாரம் போகாது.

துடைப்பது எப்படி?

மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் வெள்ளைத் துணியை நனைத்துத் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். கறுப்பு வராத வரையில் துடையுங்கள். இது எளிதில் தீப்பற்றும் திரவம். அடுப்பின் அருகே கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே ரெயிலை ஓட்ட வேண்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

தூரத்தில் சோர்வு

பக்கத்தில் வேகமாக ஓடும் ரெயில், தூரத்தில் போனதும் சோர்ந்து போகிறதா? தண்டவாளத் துண்டுகளின் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு தளர்ந்த இணைப்பும் கொஞ்சம் மின்சாரத்தை விழுங்குகிறது. இணைப்பை இறுக்குங்கள். பாதை நீளமாக இருந்தால், தூரத்துக் கோடிக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து தனிக் கம்பி கொடுங்கள். எந்தக் கம்பி எந்தத் தண்டவாளத்துக்கு என்பது மாறக் கூடாது.

பெரிய ரெயிலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. சென்னை கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. அப்போது கம்பியில் 1,500 வோல்ட். 1960-களின் பிற்பகுதியில் அது 25,000 வோல்ட் ஆயிற்று. வோல்ட் உயர்ந்தால், அதே வேலைக்குக் குறைந்த மின் ஓட்டம் போதும். வழியில் வீணாவதும் குறையும்.

பாதை பிரியும் இடத்தில் மட்டும் பொம்மை என்ஜின் நிற்கிறதா? அங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கலாம். அதில் மின்சாரம் இல்லை. கொஞ்சம் வேகமாகப் போனால் தாண்டி விடும். பெரிய ரெயில் பாதையிலும் மின்சாரம் இல்லாத சிறு பகுதிகள் உண்டு. வந்த வேகத்திலேயேதான் ரெயில் அவற்றைக் கடக்கிறது!

உயிர் பெரிது

பொம்மை ரெயிலுக்கு வேண்டியது சுமார் 12 வோல்ட். வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ட். அதை நேராகத் தண்டவாளத்துக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்பார்மரைக் கழற்றவும் கூடாது.

நிஜ ரெயில் பாதையின் மேலே செல்லும் கம்பி இன்னும் கொடியது. தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். ரெயில் கூரையில் ஏறுவதும், பாதை அருகே காற்றாடி விடுவதும் வேண்டவே வேண்டாம். பெற்றோர் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அந்த மாம்பலம் வீட்டில் என்ன நடந்திருக்கும்? பரணிலிருந்து ரெயில் இறங்கியிருக்கும். அப்பா தண்டவாளத்தைத் துடைக்க, பையன் சக்கரத்தைத் துடைத்திருப்பான். விசையைத் திருப்பியதும் ரெயில் வளைவைத் தாண்டி ஓடியிருக்கும். "மாம்பலம், மாம்பலம்!" என்று அவன் கூவியிருப்பான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ரெயில் தூங்குகிறதா? இறக்கிப் பாருங்கள்!