கோப்பு முறையும் தானியங்கிச் சோதனையும்

ஏட்டுச் சுவடிக்குப் பகைவர் கரையானும் ஈரமும் ஆவர். அவை சுவடியைச் சிறிது சிறிதாகவே அழிப்பன. ஆதலின் கண்டறிந்து வேறோர் ஏட்டிற் படியெடுத்துக் காத்தலும் கூடும். கணிப்பொறியில் எழுதி வைத்ததற்கோ அத்தகைய அவகாசம் இல்லை. மின்சாரம் நின்றுபோகும் ஒரு நொடியில் ஓராண்டுக் கணக்கும் உருக்குலைதல் கூடும். அங்ஙனம் நேராமற் காப்பது எது, அக்காவலிற் பழுதில்லை என்பதை அறிவது எவ்வாறு என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

கணிப்பொறியின் உறுப்புகள் யாவற்றையும் ஆளும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்பது பெயர். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கிய லினக்ஸ், கர்னல்களுள் புகழ் பெற்றது. அதனுள் அடங்கிய ஒரு பகுதியே கோப்பு முறை. வட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் பெருந்தொகுதியேயன்றி வேறன்று. எக்கட்டத்தில் எக்கோப்பின் எப்பகுதி உள்ளது, எக்கட்டம் வெறுமையாயுள்ளது என்றெல்லாம் கணக்கு வைப்பதே கோப்பு முறையின் தொழில். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் என்பன லினக்ஸில் வழங்கும் கோப்பு முறைகளுட் சில.

ஒரு கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பதாகக் கொள்வோம். எழுத்துகளைக் கட்டத்தில் இடவேண்டும். அக்கட்டம் நிரம்பிற்று என்று குறிக்கவேண்டும். கோப்பின் நீளத்தையும் திருத்தவேண்டும். இவற்றுள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குமுன் மின்சாரம் நின்றால் கணக்கு முரணும். வணிகர் பேரேட்டிற் பதியுமுன் நாளேட்டிற் குறித்துக்கொள்வர் அன்றோ? அதுபோலவே இக்கோப்பு முறைகளும் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன் பின்னரே உரிய இடத்தில் எழுதுகின்றன. மின்சாரம் மீண்டதும் அக்குறிப்பேட்டைப் படித்து, விட்ட பணியை நிறைவு செய்கின்றன. ஏற்பாடு நன்றே, ஆயினும் அதனை எழுதியோர் மாந்தர் ஆதலின் பிழையும் உடன் நுழைகிறது.

லினக்ஸ் ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இடம்பெறுகின்றன. இவற்றை மனிதர் கையாற் சோதித்தல் ஆகாத செயல். ஆதலின் எக்ஸ்எஃப்எஸ் முறையை ஆக்கிய சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தார் அதற்கெனவே ஒரு சோதனைத் தொகுப்பைச் செய்தனர். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் எனப்படும் அத்தொகுப்பு இன்று பிற கோப்பு முறைகளுக்கும் பொதுவாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைக் கொண்டு விளங்குகிறது. அவற்றிற் பெரும்பாலன, கோப்புகளை ஆக்கியும் அழித்தும் பெயர் மாற்றியும் கண்டதை எழுதுவன. எழுதியது முன்னரே வைத்துள்ள சரியான விடையோடு ஒப்பிடப்படும். ஓர் எழுத்து மாறினும் தோல்வியே. யான் பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவன். கையெழுத்து அழகாயிருப்பின் அரை மதிப்பெண்ணுக்கு மனம் இளகிவிடும். பொறிக்கு அந்த இளக்கம் இல்லை.

சோதனையின்போது கர்னலே செயலற்றுப் போனால் விடை சொல்ல யாரும் இரார். ஆகையால் ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறி இருப்பதுபோல் நிரலாற் படைக்கப்பட்ட மெய்நிகர்ப் பொறியிற் சோதனை நடைபெறுகிறது. உள்ளிருப்பது வீழ்ந்தாலும் வெளியிலிருப்பது அதனைக் கண்டு பதிவு செய்யும். எக்ஸ்ட்4 முறையைப் பேணிவரும் தியடோர் ட்சோ, ஒரே வேளையிற் பல மெய்நிகர்ப் பொறிகளை எழுப்பி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அமைப்பில் இத்தொகுப்பை ஓட்டி, முடிவைத் தொகுத்து அனுப்பும் கருவியை உருவாக்கினார். பிழையைப் புகுத்திய மாற்றம் எதுவெனத் தேடுவதும் பொறியின் வேலையே. மாற்றங்களைப் பாதி பாதியாகப் பகுத்துச் சோதித்தால், ஆயிரத்துள் ஒன்றைப் பத்தே முறையிற் கண்டுவிடலாம்.

மின்சாரத் தடையைச் சோதிக்க மின்கம்பியைப் பிடுங்க வேண்டுவதில்லை. கோப்பு முறைக்கும் வட்டுக்கும் இடையில் ஒரு நிரலை நிறுத்தி, எழுதப்படுவன அனைத்தையும் வரிசை மாறாமற் பதிவு செய்தாற் போதும். வேண்டிய கணத்து வட்டின் நிலையைப் பின்னர் மீட்டுக் காணலாம். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இவ்வழியைக் கையாண்டனர். ஏதேனும் மூன்று செயல்களுக்கு மேற்படாத கோவைகள் 33 இலட்சத்துக்கும் அதிகமாக, 65 கணிப்பொறிகளில் இரண்டே நாளில் ஓட்டப்பட்டன. பலர் நம்பிப் பயன்படுத்திவந்த கோப்பு முறைகளில் 10 புதிய பிழைகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஏழு, 2014 முதலே ஒருவர் கண்ணிலும் படாமற் கிடந்தவை!

அதே ஆண்டின் இறுதியில் நேர்ந்தது இதற்கு மாறானது. 4.19 என்னும் பதிப்பு வெளிவந்தபின், சிலருடைய கோப்புகள் சிதைந்தன. எக்ஸ்ட்4 மீதே பழி விழுந்தது. அதனைப் பேணுவோர் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்த்தும் குற்றம் தென்படவில்லை. டிசம்பரில் உண்மை வெளியாயிற்று. குற்றம் கோப்பு முறையில் இல்லை. அதற்குக் கீழே, எழுத்துகளை வட்டுக்குச் சுமந்து செல்லும் பகுதியில் இருந்தது. அதுவும், வட்டு வேலைகளை வரிசைப்படுத்தும் நிரல் ஏதுமின்றி அமைந்த பொறிகளில் மட்டுமே தோன்றிற்று. சோதனை ஓடிய பொறிகளின் அமைப்பு வேறு. கோப்பிழந்தோர் பொறிகளின் அமைப்பு வேறு. பிழை கண்டவுடன் திருத்தப்பட்டது. எனினும் எவ்வெவ் அமைப்புகளில் சோதிக்க வேண்டும் என்னும் பட்டியலைப் பொறி தானே எழுதிக்கொள்வதில்லை. அதனை இன்றும் மாந்தரே அமர்ந்து எழுதிச் சேர்க்கின்றனர்.