போன் வராவிட்டால் நல்ல செய்தியா?

நோயாளியின் பக்கம் – 11

சென்ற வாரம் டிஸ்சார்ஜ் சம்மரியை எப்படிப் படிப்பது என்று பார்த்தோம். அதில் ஒரு வரியை இந்த வாரத்துக்கென்று விட்டுவைத்திருந்தேன். சில சம்மரிகளின் கடைசிப் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்கும் டாக்டரின் கையெழுத்துக்கும் நடுவே, 'பயாப்சி ரிப்போர்ட் அவெய்ட்டட்' என்று ஒரு வரி இருக்கும். முடிவு இன்னும் வரவில்லை, வந்ததும் பார்க்க வேண்டும். யார் வாங்க வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது.

வீட்டுக்கு வந்தவர் தையல் பிரித்து, புண் ஆறி, வேலைக்கும் போகத் தொடங்கிவிடுவார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் எதுவும் வரலையே, நல்லபடியாத்தான் இருக்கும்" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். போன் வராததற்கு ரிசல்ட் நன்றாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ரிசல்ட்டை யாருமே பார்க்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் 23 கிளினிக்குகளின் ஆவணங்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. முடிவு சரியில்லை என்று வந்தவர்களில் ஏறக்குறைய 14 பேருக்கு ஒருவரிடம் அதைச் சொல்லவில்லை, அல்லது சொன்னதற்கான பதிவு இல்லை. அதற்கு முன் 2005-ல் வெளியான இன்னோர் ஆய்வு, இரண்டு பெரிய மருத்துவமனைகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்தது. அவர்களில் 41 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டெஸ்ட்டின் முடிவு அப்போதும் வர வேண்டியிருந்தது.

ரிப்போர்ட் எங்கே தொலைகிறது என்று பார்க்க, ஒரு கட்டியின் பின்னாலேயே போவோம். மார்பில் கட்டி என்று ஒரு பெண் சிறிய நர்ஸிங் ஹோமுக்குப் போகிறார். கட்டியை அகற்றி, ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பெயரும் வயதும் எழுதிய பிளாஸ்திரியை ஒட்டி, கூட வந்தவர் கையில் கொடுத்து, "இதை லேப்ல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாங்க தம்பி" என்பார்கள். சிறிய ஊர்களில் இன்றும் இது சாதாரணம்.

லேபில் நடப்பது அவசரப்படுத்த முடியாத வேலை. திசு ஃபார்மலினில் ஊறி இறுக வேண்டும். பிறகு மெழுகில் பதிப்பார்கள். அதற்குப் பெயர் பிளாக். அதைச் சில மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயமேற்றிய பிறகுதான் பெத்தாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஒரு வாரம்கூட ஆகலாம். புற்றுநோய் என்று தெரிந்தால், அது எந்த வகை என்று அறிய அடுத்து ஐஹெச்சி சோதனை. அதற்கு மேலும் சில நாட்கள்.

இவ்வளவு கவனமாகத் தயாரான ரிப்போர்ட், கவுன்டரில் ஒரு கவருக்குள் கிடக்கும். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்த தம்பி அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பியிருப்பார். ரசீது அவர் சட்டைப் பையில். லேப் சீட்டில் எழுதிய போன் நம்பரும் அவருடையதுதான். தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் கேட்டிருப்பார். அன்று ரிப்போர்ட் வந்திருக்காது. அதற்குப் பிறகு அந்தப் பெண் அவரைப் பார்க்கப் போகக் காரணமே இல்லை.

இதில் தனியாக யாரையும் குற்றவாளி என்று நிறுத்த முடியாது. ஆனால் தப்பு நடந்தால் மொத்த விலையையும் கொடுப்பவர் ஒருவர்தான். அதனால்தான் நோயாளியின் பக்கத்திலிருந்தே கேட்கச் சொல்கிறேன். சாம்பிள் எடுக்கும் அன்றே, சிஸ்டரிடமோ டாக்டரிடமோ: "ரிசல்ட் என்னைக்கு வரும்? எங்கே வாங்கணும்? வாங்கி யார்கிட்ட காட்டணும்?" பதிலை ஓ.பி. சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். லேப் நம்பரை போனில் படம் எடுத்து வையுங்கள். சொன்ன தேதிக்கு மறுநாளும் வரவில்லையென்றால் நீங்களே கூப்பிடுங்கள். "தொந்தரவு பண்றோமோ" என்ற கூச்சம் இந்த விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.

இனிஷியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், ஆஸ்பத்திரிப் பதிவில் கணவரின் இனிஷியல் என்று நம் பெண்கள் பலருக்கு இரண்டு பெயர்கள். கவுன்டரில் தேடும்போது "அப்படி யாரும் இல்லைம்மா" என்ற பதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அட்மிஷன் அன்று கொடுத்த பெயரையே, அதே இனிஷியலோடு, எல்லாச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் நழுவுவது வேறு விதம். சிறுநீரகக் கல்லுக்காக சி.டி. எடுப்பார்கள். கல்லின் அளவு முதல் வரியில் இருக்கும். நுரையீரலின் அடிப்பகுதியும் அந்தப் படத்தில் விழும். அங்கே சின்னதாக ஒரு முடிச்சு இருந்தால், ரேடியாலஜி டாக்டர் அதையும் எழுதி, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கும்படி குறித்திருப்பார். கல் வெளியேறிவிடும், வலி போய்விடும், அந்த வரி மறந்துபோகும். ரிப்போர்ட்டின் அடியில் 'இம்ப்ரெஷன்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் எத்தனை வரி இருக்கிறதோ அத்தனையையும் விரலால் தொட்டுக் காட்டி, "இதுக்கு என்ன பண்ணணும் டாக்டர்?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்து இல்லையென்று நிம்மதியடைபவர்கள் ஸ்கேன், பயாப்சி ரிப்போர்ட்டுகளையும் அப்படியே பார்க்கிறார்கள். அவற்றில் ஆபத்தான வரியும் மற்ற வரிகளைப் போல சாதாரண எழுத்தில்தான் இருக்கும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுகளுக்குக் காலக்கணக்கு தனி. ரத்தக் கல்ச்சரை வழக்கமாக ஐந்து நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். காசநோய்க்கு சிபிநாட் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். ரிஃபாம்பிசின் மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடுமா என்பதும் தெரிந்துவிடும். திரவக் கல்ச்சரிலோ, கிருமி வளரவில்லை என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும். இதற்குள் இருமல் குறைந்து, உடம்பு தேறியிருக்கும். ஆனால் இன்னும் எந்தெந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று அந்தத் தாமதமான முடிவிலிருந்து தெரியவரலாம். சாப்பிடும் மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. ரிப்போர்ட் வந்திருக்கும், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டாங்க" என்று மகன் கெஞ்சுவார். பாசத்தில்தான் கேட்கிறார், சந்தேகமில்லை. ஆனால் "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று மூன்றாவது கீமோவுக்கு வர மறுக்கும் அம்மாவிடம் எந்தக் காரணத்தைச் சொல்வது? அந்த உடம்பு அவருடையது, அந்தத் தாளும் அவருடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். சொல்லாமல் இருக்கக் கூடாது.

வந்த ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் சேர்த்து வைக்கும் பழக்கம் நல்லது. ஈசிஜி, அல்ட்ராசவுண்ட் படங்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பல இடங்களில் அவை வெப்பத்தாளில்தான் வருகின்றன. சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டால் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஆபா என்னும் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண் வழியாகப் பதிவுகளை இணைக்கும் வசதி வந்திருக்கிறது, நல்ல ஏற்பாடு. லேபும் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தால்தான் பயன் உண்டு, ஆகவே பையை இப்போதே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் டாக்டர் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால், ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இதைப் படிக்கும்போது, வாங்காமலே விட்ட ஒரு பயாப்சி ரிப்போர்ட் உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவுக்கு வந்தால், இத்தனை மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பெத்தாலஜி லேபில் ரெஜிஸ்டர் இருக்கும். ரசீது இல்லாவிட்டாலும் ஆபரேஷன் தேதியையும் பெயரையும் வைத்துத் தேடச் சொல்லலாம். தாள் தொலைந்திருந்தாலும், மெழுகு பிளாக்கைப் பல ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம்; அதிலிருந்து புதிதாக ஸ்லைடு போட்டு மறுபடி பார்க்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை காலையே போய்க் கேளுங்கள்.

(தொடரும்)