கடலோரக் கொல்லைக்குச் சூரிய விளக்கு

மாமல்லபுரம் முதல் செய்யூர் வரையிலான கடலோரக் கிராமங்களில் நிலக்கடலைக் கொல்லைக்கும் சவுக்குத் தோப்புக்கும் இரவுக் காவல் இருப்போர், கொட்டகையில் விளக்கெரிய மின்கம்பம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 100 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, இரண்டுக்கும் நடுவே 10 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர் ஆகியவை இருந்தால் போதும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு. 9 வாட் டி.சி. விளக்குகள் இரண்டு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 90 வாட் மணி செலவாகும். 20 வாட் டி.சி. மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 160. ஆக மொத்தம் 250. நல்ல வெயில் நாளில் 100 வாட் பேனல் சுமார் 400 வாட் மணி தரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் அதில் பாதிகூடக் கிடைக்காத நாட்கள் உண்டு. ஆகவே இரண்டு நாள் தாங்கும்படி, பாதிக்கு மேல் வடியவிடாமல் பயன்படுத்த, 80 முதல் 100 ஆம்பியர் மணி பேட்டரி வாங்குவது உத்தமம். மிச்சம் இருக்கிறதே என்று தண்ணீர் மோட்டாரை இதில் மாட்டக் கூடாது.

பேனலைத் தெற்கு நோக்கி 12 முதல் 15 டிகிரி சாய்வாக வைக்க வேண்டும். தெற்கே தென்னையோ சவுக்கோ இருந்தால் சித்திரை நிழலைப் பார்த்து ஏமாறக் கூடாது. 40 அடி மரத்தின் நிழல் மார்கழி நண்பகலில் சுமார் 29 அடி வடக்கே விழும். காலை மாலைகளில் இன்னும் நீளும். பேனலின் ஒரு மூலையில் நிழல் பட்டாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இக்கரையில் பெரிய எதிரிகள் காற்றும் உப்பும்தான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. புயற்காற்றில் பேனல் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். கீற்றுக் கூரைமேல் கட்டி வைத்தால் கூரையோடு போய்விடும். தரையில் ஜி.ஐ. பைப்புகளை நட்டு, இரண்டரை அடி ஆழத்துக்கு அகலமாகக் குழியெடுத்துக் கான்கிரீட் போட வேண்டும். மணற்பூமியில் ஒடுக்கமான குழி நிற்காது. சாதாரண இரும்பு போல்ட்டுகளை உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிடும். விலை கூடினாலும் எவர்சில்வர் நட்டு போல்ட்டுகளே வேண்டும். அலுமினியச் சட்டமும் இரும்பும் தொடுமிடத்தில் ரப்பர் வாஷர் வைக்க வேண்டும்; இல்லையேல் அலுமினியம் அரிக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் புரட்டாசியில் எல்லாவற்றையும் முடுக்கிவிடுவது நல்லது. கண்ணாடியை உவர்நீரில் கழுவினால் வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீரில் காலையில் கழுவ வேண்டும்.

இணைக்கும்போது கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. வெயிலில் பேனலில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆதலால் வேலை முடியும்வரை சாக்குப் போட்டு மூட வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே பியூஸ் வைக்க வேண்டும். பேட்டரி இருக்குமிடம் காற்றோட்டமாக இருக்கட்டும்; அதனருகே பீடி பற்ற வைக்கக் கூடாது.

வீட்டு மாடியில் கிலோவாட் கணக்கில் அமைத்து மின்வாரியக் கம்பியில் இணைப்பது இப்படிக் கைவேலையாகச் செய்யத்தக்கதன்று. மின்தடையின்போது வீட்டிலிருந்து மின்சாரம் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்தால், கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும். மேலும் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போருக்கு 78,000 ரூபாயும் மானியம் நிர்ணயிக்கப்பட்டது. பதிவு பெற்ற நிறுவனம் அமைத்தால்தான் இம்மானியம் உண்டு. தாமே அமைத்தவருக்குக் கிடையாது.