முதல் லினக்ஸ் வழங்கலைத் தேர்ந்து நிறுவுதல்

லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட இயங்குதளக் கருவாகும். இக்கருவுடன் திரைத்தோற்றம், உலாவி, அலுவலகச் செயலிகள், நிறுவும் கருவி ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் முழுத் தொகுப்பு லினக்ஸ் வழங்கல் எனப்படும். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், பாஸ் ஆகியவை இத்தகைய வழங்கல்கள்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் லினக்ஸை முதலில் கண்டது அரசின் விலையில்லா மடிக்கணினியில்தான். 2011இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் வழங்கலை சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. தென்காசி மாவட்டத்தின் சுரண்டை போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி இந்த மடிக்கணினியே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினியைத் தொடர்ந்து பாதுகாப்பாகப் பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழி. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால், நிறுவும்போது நேரும் ஒரு தவறு பாடக்குறிப்பு முதல் குடும்பப் படங்கள் வரை அழித்துவிடும்.

தேர்வு

பெயரைவிடக் கணினியின் ரேம் அளவே தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

- 2 ஜி.பி.: லுபுண்டு போன்ற எடை குறைந்த வழங்கல்
- 4 ஜி.பி.: லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு
- 8 ஜி.பி.க்கு மேல்: உபுண்டு அல்லது மின்ட் சின்னமன் பதிப்பு

உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைகள் கிடைக்கும்.

நிறுவும் முறை

1. முக்கியக் கோப்புகளை வேறொரு வன்தட்டில் நகலெடுக்கவும். விண்டோசில் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளவும்.
2. வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கவும். மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. இருக்கும். ஒருவர் இறக்கியதை நண்பர்களும் பயன்படுத்தலாம். உரிமம் அதற்கு இடமளிக்கிறது.
3. ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளால் அதை 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதவும். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும்.
4. கணினியை இயக்கியதும் எஃப்12 போன்ற விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும். விசை கணினிக்குக் கணினி மாறும்.
5. உடனே நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலி, தொடுபலகை வேலை செய்கின்றனவா என்று பார்க்கவும். இந்நிலையில் வன்தட்டில் எதுவும் மாறாது. வைஃபை இயங்காவிட்டால் வேறு வழங்கலை இதேபோல் சோதிக்கலாம்.
6. நிறுவும்போது வன்தட்டு பற்றிய கேள்வி வரும். விண்டோசும் வேண்டுமெனில் 'அதனுடன் சேர்த்து நிறுவு' என்னும் பொருள் தரும் தெரிவையே தேர்ந்தெடுக்கவும். 'வன்தட்டை அழி' என்பதைத் தேர்ந்தால் விண்டோசும் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும். எந்தத் தெரிவு என்று ஐயமிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்; உறுதிசெய்யும் வரை எதுவும் அழியாது.

நிறுவிய பின்

முதலில் இற்றைகளை நிறுவவும். பிறகு விசைப்பலகை அமைப்பில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 அல்லது ஒலியியல் முறையைச் சேர்த்தால் தமிழில் தட்டச்சு செய்யலாம். மென்பொருள்களை இணையத்தில் தேடி இறக்காமல், வழங்கலுடன் வரும் மென்பொருள் மேலாளர் வழியாக நிறுவுவது பாதுகாப்பானது.