பச்சோந்திக்கும் இரவு வேண்டும்

‘பச்சோந்தி’ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தேர்தல் மேடைதான். மரத்தில் வாழும் உண்மைப் பச்சோந்தியை நான் அருகிலிருந்து பார்த்தது சென்ற மார்கழியில். திருவரங்கத்தில் எங்கள் வீட்டு வேலியோரம், காகங்கள் கொத்திய நிலையில் அது கிடந்தது. எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்தோம். குளிரில் செத்துவிடக் கூடாதே என்று, கோழிக்குஞ்சுகளுக்குப் போடுவதைப் போல, அம்மா 60 வாட் பல்பு ஒன்றை விடிய விடிய எரியவிட்டார். விலங்கியல் மாணவன் என்ற தகுதியில் நானும் அதை ஆமோதித்தேன்!

இரவு நான் எழுந்து பார்த்தபோதெல்லாம் அது விழித்தே இருந்தது. கரும்பழுப்பு நிறத்தோடு பெட்டியின் மூலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட வெட்டுக்கிளியைத் தொடவில்லை. எங்கள் விரிவுரையாளரிடம் சொன்னேன். “உன்னை இரவு முழுவதும் பெரிய கடைவீதி விளக்கடியில் நிறுத்தி வைத்தால், காலையில் இட்லி இறங்குமா தம்பி?” என்றார்.

பச்சோந்தி பகலில் இரைதேடி இரவில் உறங்கும் பிராணி. காலையில் உடலைக் கறுக்கச் செய்து வெயிலில் சூடேற்றிக்கொள்ளும். இருட்டியதும் கிளையைப் பற்றிக்கொண்டு, வெளிறிய நிறத்தில் தூங்கும். இருளில்தான் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டதென்று உடலுக்கு அறிவிப்பது அதுவே. விளக்கெரிந்தால் அந்த அறிவிப்பு தடைப்படுகிறது. சிவப்பு பல்பு தொல்லை தராது என்று சிலர் எண்ணுவர். தவறு. பச்சோந்தியின் கண்ணுக்குச் சிவப்பும் தெரியும். நமக்குப் புலப்படாத புற ஊதா ஒளியும் தெரியும்.

அந்தப் புற ஊதா ஒளி பகலில் அதற்குத் தேவை. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி அதனால்தான் தோலில் உண்டாகிறது. சாதாரண பல்பில் அது கிடைக்காது. ஆகவே மேலைநாடுகளில் பச்சோந்தி வளர்ப்போர், புற ஊதா விளக்கைச் சுமார் 12 மணி நேரம் எரியவிட்டு, மீதி நேரம் முழு இருளில் விடுகின்றனர். நம் திருச்சியில் சூரியனே ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான் நடக்கிறது: ஜூனில் பகல் சுமார் 12¾ மணி, டிசம்பரில் 11½ மணி.

உயிருக்குள் கடிகாரம் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் வௌவால்களிடம் ஆராய்ந்து, 1981-இல் வெளியிட்டனர். இருண்ட குகையில் அடைபட்ட வௌவால், உடன்வாழும் கூட்டம் வெளியே பறக்கும் நேரத்தோடு தன் நேரத்தை ஒத்துவைத்துக்கொண்டது. கூட்டமில்லாத குகையிலோ அதன் கடிகாரம் 24 மணியிலிருந்து நழுவியது. கடிகாரம் உள்ளே இருந்தாலும், அதைத் திருத்திவைக்க வெளியிலிருந்து ஒரு குறிப்பு வேண்டும். பச்சோந்திக்கு அந்தக் குறிப்பு ஒளியும் இருளும்.

இரண்டாம் இரவு பல்பை அணைத்து, ஒரு முருங்கைக் கிளையைப் பெட்டிக்குள் வைத்தோம். நடுவில் ஒருமுறை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிர்பச்சையாகக் கண்மூடிக் கிடந்தது. மறுநாள் வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

இப்போது வேலியோர வாசல் விளக்கை அம்மா ஒன்பது மணிக்கே அணைத்துவிடுகிறார். திருடன் வந்தால் என்ன செய்வது என்று அப்பாதான் முணுமுணுக்கிறார்.