ஆந்தையை வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர்

கனடா 1970இல் வெளியிட்ட அஞ்சல்தலை ஒன்றில் ஓர் ஆந்தை இருக்கிறது. தலையைச் சுற்றிக் கதிர்களைப்போல இறகுகள் விரிய, நம்மை நேராகப் பார்க்கும் ஆந்தை. பள்ளியில் லினோ அச்சு செய்து பழகிய எனக்கு, அது கல்லில் செதுக்கி எடுத்த அச்சு என்று தெரிந்ததும் வியப்பு தாங்கவில்லை.

அதை வரைந்தவர் கெனோஜுவாக் ஆஷெவாக். கனடாவின் வடக்கே, பஃபின் தீவின் வேட்டை முகாம் ஒன்றில் 1927இல் பிறந்த இனுயிட் பெண். ஓவியப் பள்ளி எதிலும் படித்தவர் அல்லர். கடல்நாய்த் தோலை வெட்டித் தைக்கும் கைப்பழக்கமே அவருக்குத் தெரிந்த கலை.

1950களின் தொடக்கத்தில் காசநோய்க்காக அவரைத் தொலைவிலுள்ள கியூபெக் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குமேல் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் ஊரிலிருந்த பிள்ளைகளில் சிலரை இழந்தார். திரும்பி வந்த பிறகுதான் பென்சிலும் தாளும் அவர் கைக்கு வந்தன.

அவற்றைத் தந்தவர்கள் ஜேம்ஸ் ஹூஸ்டன் தம்பதியர். கேப் டார்செட் என்ற சிற்றூரில் (இன்றைய பெயர் கின்கைட்) அச்சுக்கூடம் தொடங்க உதவிய ஹூஸ்டன், ஜப்பானுக்குச் சென்று உனிச்சி ஹிராட்சுகா என்ற கலைஞரிடம் அச்சுக்கலை கற்றுவந்தார்.

அங்கே வேலை நடந்த முறை இது: ஓவியர் தாளில் வரைவார். செதுக்குபவர் அதைத் தட்டையான கல்லுக்கு மாற்றி, மை படக்கூடாத இடங்களை வெட்டி எடுப்பார். பிறகு கல்லில் மை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே வைத்துக் கையால் தேய்ப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் இதே உழைப்பு. 1960இல் உருவான ‘மாய ஆந்தை’ 50 படிகள் மட்டுமே அச்சானது. பாதி சிவப்பும் கறுப்பும், பாதி பச்சையும் கறுப்பும்.

உலகம் அறிந்தது கெனோஜுவாக்கின் பெயரைத்தான். கல்லைச் செதுக்கியவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இது நியாயமா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. விடை அந்தத் தாள்களின் ஓரத்திலேயே இருந்தது. ஜப்பானிய வழக்கப்படி ஓவியரின் முத்திரை, அச்சிட்டவரின் முத்திரை, கூட்டுறவுச் சங்கத்தின் சிவப்புப் பனிக்குடில் முத்திரை என எல்லாவற்றையும் சேர்த்தே பதித்தார்கள். மறந்தது பார்க்கும் நாம்தான்.

வேட்டையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இந்த அச்சுகள் வருமானம் தந்தன. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதற்காகவே கெனோஜுவாக் 1966இல் முகாமைவிட்டுக் கேப் டார்செட்டில் குடியேறினார். 2013இல், 85 வயதில் அங்கேயே காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கனடாவின் 10 டாலர் நினைவு நோட்டிலும் அவருடைய ஆந்தை இடம்பெற்றது.

குழுவாகச் செய்த வேலையை ஒப்படைக்கும்போது நாம் பெரும்பாலும் படைத்துக் காட்டியவரையே பாராட்டுகிறோம். அடுத்தமுறை, எழுத்துப்பிழை திருத்தியவர், படங்களை வெட்டி ஒட்டியவர் பெயர்களையும் முதல் பக்கத்தில் எழுதுவோமே. அதற்கு ஒரு வரி இடம் போதும்.