பண்ணைக்காட்டுச் சரிவில் ஒரு ஸ்பிரிங்க்ளர் கணக்கு

தோட்டத்துக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவது மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. காபிக்குப் பூ மழை தவறினால் அதுதானே கைகொடுக்கிறது. ஆனால் வீட்டுக் கூரையில் ஸ்பிரிங்க்ளர் என்று சொல்லிப் பாருங்கள், "அதெல்லாம் பெரிய லாட்ஜுக்கு, நமக்கெதுக்கு?" என்பார்கள். இந்தியாவில் தனி வீட்டுக்கு அது கட்டாயமும் இல்லை. இருந்தாலும் கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காடு மாதிரி ஒரு சரிவான ஊரில், அது வேலை செய்யுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீயணைப்பு வண்டி வளைவு வளைவாக ஏறி வரவேண்டிய ஊரில் முதல் பத்து நிமிஷம் நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சினிமாப் பொய்யைத் தள்ளிவிடலாம். ஒரு இடத்தில் புகை வந்ததும் கட்டிடம் முழுக்க மழை கொட்டுவது போலக் காட்டுவார்கள். நிஜத்தில் ஒவ்வொரு தலையிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்புக் குமிழ் என்றால் சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடையும். எது சூடானதோ அது மட்டும்தான் திறக்கும். அதனால்தான் வீட்டுக்கான கணக்கு சின்னது. அமெரிக்காவில் 1975-இல் வீடுகளுக்கென்றே வந்த என்.எஃப்.பி.ஏ. 13டி என்ற விதிமுறை, இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் திறந்தால் 10 நிமிஷம் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. நோக்கம் தீயை முழுசா அணைப்பது அல்ல. அறை முழுக்கக் குப்பென்று பற்றுவதைத் தடுத்து, உள்ளே இருப்பவர் வெளியே வர நேரம் வாங்கித் தருவதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 4.8 மீட்டர் சதுரமான ஓர் அறை. நிமிஷத்துக்கு 2 மில்லிமீட்டர் மழை பெய்கிற அளவு தண்ணீர் வேண்டும். சுமார் 23 சதுர மீட்டருக்கு அது நிமிஷத்துக்கு 46 லிட்டர். ஒரு தலையிலிருந்து வரும் தண்ணீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தை அந்தத் தலைக்குரிய 'கே' எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். கே 70 என்று வைத்தால், 0.5 பாரில் 49.5 லிட்டர். போதும்.

கடைசித் தலையில் 0.5 பார் வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி, டேங்க் வரை நடந்து போவதுதான் முழுக் கணக்கும். இரண்டு தலைக்கும் நடுவே 4 மீட்டர் ஒரு இஞ்ச் ஜி.ஐ. குழாய். அதில் உராய்வால் 0.05 பார் போகும். ஆக முந்தைய தலையில் 0.55 பார், அதனால் அது கொஞ்சம் கூடவே ஊற்றும், 52 லிட்டர். மொத்தம் 101. வீட்டுக்குள் இன்னும் 10 மீட்டர் குழாய், நாலு எல்போ. எல்போக்களை 3 மீட்டர் குழாய்க்குச் சமமாக எடுத்தால் 0.62 பார் இழப்பு. வீட்டு வாசலில் தேவை 1.17 பார்.

இப்போது மலை உதவிக்கு வருகிறது. சமவெளியில் மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க், தலைக்கு மேலே 2 மீட்டர் இருந்தால் 0.2 பார்தான். மோட்டார் இல்லாமல் நடக்காது. பண்ணைக்காட்டுச் சரிவில், வீட்டுக்கு மேலே உள்ள வரப்பில் டேங்க்கை வைத்தால் 15 மீட்டர் உயரம் சுலபமாகக் கிடைக்கும். அது 1.47 பார். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் இந்த அழுத்தம் போகாது. உயரத்தை டேங்க்கின் அடியிலிருந்து அளக்க வேண்டும், நிறைந்த மட்டத்திலிருந்து அல்ல.

டேங்க்கிலிருந்து வீட்டுக்கு 60 மீட்டர் குழாய். ஹேசன், வில்லியம்ஸ் என்ற இருவர் 1905-இல் அட்டவணையாக வெளியிட்ட சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி ஒரு இஞ்ச் குழாயில் 2.8 பார் இழப்பு. கையில் இருப்பதே 1.47! ஒன்றரை இஞ்ச் போட்டால் இழப்பு 0.37, மொத்தத் தேவை 1.54. மயிரிழையில் தோல்வி. இரண்டு இஞ்ச் போட்டால் 0.11 மட்டும், மொத்தம் 1.28, தேறிவிட்டது. விட்டம் இரட்டிப்பானால் இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிவிடும் என்பதுதான் இதன் ரகசியம்.

இதில் ஏமாறுவது எங்கே என்றால், ஒரு இஞ்ச் குழாயிலேயே "நம்ம வீட்டுல தண்ணி நல்லா ஃபோர்ஸா வருதே" என்று தோன்றும். உண்மைதான். பைப்பைத் திறந்தால் நிமிஷத்துக்கு 10 லிட்டர்தான் போகிறது, அதற்கு இழப்பு 0.04 பார்கூட இல்லை. பத்து மடங்கு தண்ணீர் கேட்டால் இழப்பு பத்து மடங்கு அல்ல, எழுபது மடங்கு. பைப்பை மூடி வைத்து அழுத்தமானி வைத்தாலும் அதே 1.47 பார் காட்டும். அதை நம்பிக் குழாய் வாங்கினால் தீ வரும் நாளில்தான் தெரியும்.

இன்னொன்று, ஜி.ஐ. குழாய் துருப்பிடிக்கும். சொரசொரப்பைக் குறிக்கும் எண் 120-லிருந்து 100-க்கு இறங்கினால் இழப்பு 40 சதவீதம் ஏறும். இப்போது தேறிய இரண்டு இஞ்ச் அமைப்புகூட அப்போது 1.5 பாரைத் தாண்டிக் கேட்டுத் தோற்றுவிடும். என் ஓட்டு தீ அமைப்புகளுக்கென்றே வரும் சிபிவிசிக்கு. அதில் அந்த எண் 150.

தண்ணீர்? 101 லிட்டர் வீதம் 10 நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆயிரம் லிட்டர் டேங்க் மயிரிழையில் போதாது, குளிக்கத் துவைக்க எடுத்தால் சுத்தமாகப் போதாது. 2,000 லிட்டர் டேங்க் வாங்கி, வீட்டு உபயோகக் குழாயைப் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பொருத்தினால், கீழ்ப் பாதியை யாரும் தொட முடியாது.

ஊற்றிலிருந்து நேரே கறுப்பு ஓஸ் இழுத்துக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஊற்று 150 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் 15 பார் ஆகும், ஸ்பிரிங்க்ளர் தலைகள் பெரும்பாலும் 12 பாருக்குத்தான் செய்யப்பட்டவை. ஓஸ் மேடு பள்ளமாக ஏறி இறங்கினால் மேட்டில் காற்று அடைத்து நிற்கும். நடுவில் ஒரு டேங்க் வைத்து, அங்கிருந்து குழாயை ஒரே சீராகக் கீழே இறக்குங்கள்.